திரும்பிப் பார்க்காதவன்

மனிதன் சாவை எதிர்த்து எழுப்பிய மிகப் பெரிய குரல், இரண்டாயிரத்து ஐநூறு ஆண்டு மௌனத்துக்குப் பிறகு, மறுபடியும் கிரேக்க மண்ணிலிருந்துதான் ஒலித்தது. இதை நான் சொல்லவில்லை. எங்கள் வீடியோ கேமின் விளம்பரத்தில் ஸ்தெர்யோஸ் அப்படித்தான் எழுதியிருந்தான். குரல் ஒலித்த இடம், வோலோஸ் துறைமுகத்துக்குப் பின்தெருவில் ஒரு சாராயக் கடையின் மாடி. கீழே நெத்திலி பொரிந்தால் மேலே நாங்கள் இருமுவோம். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததால், உள்ளே போகிறவர் வெளியே வரும்வரை பாடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அலுவலக விதி. ஸ்தெர்யோஸ் மட்டும் பாட மாட்டான். தன் மௌனமே போதும் என்பான். அதனால் சில சங்கடங்கள் நேர்ந்தன.

அலுவலகம் என்றால் மூன்று பேர். ஸ்தெர்யோஸ் சிந்திப்பான். நான், லாம்ப்ரோஸ், அவன் சிந்தித்ததைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி எழுதுவேன். அவன் மனைவி அசிமினா ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்த்து எங்கள் இருவர் வயிற்றையும் கவனித்துக்கொண்டாள்.

கேமைப் பற்றி நான் எவ்வளவு சொன்னாலும், இது அசிமினாவின் எலும்புகளை யார் எடுத்தது என்கிற கதைதான். எங்கள் நகரக் கல்லறையில் இடம் குறைவு. யாராக இருந்தாலும் மூன்று வருடம்தான் மண்ணுக்குள் படுக்கலாம். அதற்குப் பிறகு வீட்டார் வந்து நிற்க, குழியைத் தோண்டி, எலும்பை எடுத்து, ஒயினில் கழுவி, பெட்டியில் வைத்து, பெட்டிகள் அடுக்கிய அறையில் சேர்த்துவிட வேண்டும். அடுத்தவர் காத்திருக்கிறார். கையெழுத்துப் போட வேண்டியது கணவன், அல்லது மனைவி. அவர்கள் வராவிட்டால் எலும்புகள் பொதுக்கிணற்றுக்குப் போகும். அங்கே போனவர்களை யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

இனி கேம். பெயர் ‘ஏற்றம்’. அதன் கதை எங்கள் ஊரில் பால்குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். யாழ்க்காரன் ஒருவன். மனைவியைப் பாம்பு கடித்துவிடுகிறது. அவன் கீழுலகத்துக்கு இறங்கிப் போய்ப் பாடுகிறான். அங்கிருக்கும் ராஜா மனம் இளகி, கூட்டிப் போ, உன் பின்னாலேயே வருவாள், வெளிச்சத்துக்குப் போய்ச் சேரும்வரை மட்டும் திரும்பிப் பார்க்காதே என்கிறார். அவன் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறான். அவள் போய்விடுகிறாள். கல்யாணமான எந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னாலும், வேறு என்ன எதிர்பார்த்தாய் என்பாள்.

எங்கள் கேமில் அந்த மேலேறும் பாதை மட்டும்தான் உண்டு. சண்டை இல்லை, எதிரி இல்லை, புதையல் இல்லை. ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் யாழ்க்காரன் நடப்பான். விட்டால் நிற்பான். காலைக் காப்பியோடு ஆரம்பித்தால் விளக்கு வைக்கும்வரை அழுத்த வேண்டும். இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி என்பது கிடையாது. பின்னால் காலடி ஓசை கேட்டுக்கொண்டே வரும். சில வளைவுகளில் தேயும். சில இடங்களில் நின்றே போகும். அப்போது மனசு கேட்காமல் யார் திரும்பினாலும் திரை இருண்டுவிடும். அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டரில் ‘ஏற்றம்’ திறக்கவே திறக்காது. யாழ்க்காரனுக்கு நேர்ந்தது வாங்கியவருக்கும் நேர வேண்டும் என்பது ஸ்தெர்யோஸின் கொள்கை. பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு, கீழுலகத்தில் ரசீது கிடையாது என்று பதில் அனுப்பினான்.

அந்தக் காலடி ஓசை அசிமினாவுடையது. வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றக்கூட நேரம் கொடுக்காமல், எங்கள் நடைபாதையில் அவளை நடக்க வைப்பான். பேக்கரியில் இரவல் வாங்கிய தட்டுகளில் சரளைக்கல், மணல், காய்ந்த இலை. அவள் அவற்றின்மேல் முன்னும் பின்னும் நடக்க, நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு தவழ்வேன். ஒருநாள் பாதி நடையில் அவள் நின்றாள்.

“ஏன் ஸ்தெர்யோ, நான் செத்தா என்னைக் கூட்டிட்டு வர இவ்ளோ தூரம் நடப்பியா நீ? குப்பையக் கீழ கொண்டுபோய்ப் போடவே நாலு தரம் சொல்ல வேண்டியிருக்கு.”

“பேசாத. மைக் ஓடுது.”

அவள் சிரித்தாள். அதுவும் பதிவாகிவிட்டது.

அடுத்த குளிர்காலத்தில் அவளுக்கு நோய் கண்டது. வைத்தியத்துக்கு லாரிசா போக வேண்டும். முதல் சில தடவை ஸ்தெர்யோஸ்தான் காரில் கூட்டிப் போனான். பிறகு அவள் அம்மா எவாந்தியா பஸ்ஸில் கூட்டிப் போனார். எவாந்தியா அம்மாள் துணிமில்லில் உழைத்து ஓய்ந்தவர். பேச்சில் இன்னும் மில் இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்கிற உரப்பு இருக்கும். ஸ்தெர்யோஸ் மாடியிலேயே உட்கார்ந்து, பாதை போதவில்லை, இன்னும் நீளம் வேண்டும் என்று என்னை எழுத வைத்தான். அவளுக்கு முடி கொட்டக் கொட்டப் பாதை நீண்டது.

கடைசி வாரங்களில் ஆஸ்பத்திரிக்கு வந்தான். ஆனால் அறைக்குள் போக மாட்டான். கதவுக்கு வெளியே, கதவுக்கு முதுகு காட்டி நிற்பான். அல்லது அங்கேயே நடப்பான். நான் உள்ளே போனபோது அசிமினா கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து வெளியே போகத் திரும்பினேன்.

“வெளிய இருக்கான்ல? கேக்குது, அவன் ஷூ சத்தம்” என்றாள். “உள்ள வரச் சொல்லு லாம்ப்ரோ. கடிச்சிட மாட்டேன்.”

நான் போய்ச் சொன்னேன். அவன் தலையாட்டினான். நடந்துகொண்டே இருந்தான்.

அடக்கத்தன்று மழை. கல்லறையின் கிழக்குச் சுவரை ஒட்டிய புது வரிசையில், கடைசிக் குழி அவளுடையது. அதற்கப்பால் வெறும் சேறு. மண் போடுவதற்கு முன்பே ஸ்தெர்யோஸ் கிளம்பிப் போய்விட்டான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை. நாற்பதாம் நாள் பூஜைக்கு வேகவைத்த கோதுமையும் சர்க்கரையும் எவாந்தியா அம்மாள்தான் கலந்து எடுத்துப் போனார். சனிக்கிழமை தவறாமல் போய் விளக்குக்கு எண்ணெய் விட்டதும் அவர்தான். ஏன் போவதில்லை என்று யாராவது கேட்டால் ஸ்தெர்யோஸ் சற்று நேரம் சுவரைப் பார்ப்பான். பிறகு, “நான் திரும்பிப் பார்க்கிறவன் இல்ல” என்பான்.

இந்த வாக்கியம் ஊரில் நல்ல பெயர் வாங்கியது. கீழே சாராயக் கடைக்காரர் அதைத் தன் வாடிக்கையாளர்களுக்குத் தொட்டுக்கொள்ளத் தரும் ஊறுகாயைப் போலச் சேர்த்துப் பரிமாறினார். எவாந்தியா அம்மாளின் காதுக்கும் அது போனது. விளக்குக்கு எண்ணெய் விடுவதற்குப் பெயர் திரும்பிப் பார்ப்பதா என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் போனார்.

இடையில் ‘ஏற்றம்’ வெளியாகிப் புகழ் பெற்றது. தலைநகரத்து விமர்சகர்கள் இரண்டு விஷயங்களைப் பாராட்டினார்கள். ஒன்று, திரும்பிப் பார்த்தால் மனைவியின் முகம் தெரியாமல் வெறும் இருட்டு வருகிறதே, அந்தத் துணிச்சல். முகத்தைக் காட்ட மறுப்பதன் மூலம் கலைஞன் நம் எல்லோருடைய இழப்பையும் அதில் வரைந்துவிட்டான் என்று எழுதினார்கள். நடந்தது வேறு. முகம் வரைய அசிமினாவின் போட்டோக்கள் வேண்டியிருந்தன. ஸ்தெர்யோஸ் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. இரண்டாவது, பாதையின் நடுவே திடீரென்று கேட்கும் அந்தச் சிரிப்பு. விளையாடியவர்களில் பாதிப்பேர் அங்கேதான் திரும்பித் தோற்றார்கள். இதைவிடக் குரூரமான பொறியை யாரும் வைத்ததில்லை என்றார்கள். அதுவும் பொறி இல்லை. அதை வெட்டச் சொல்லி ஒவ்வொரு முறை நான் நினைவூட்டும்போதும், நாளைக்குப் பார்க்கலாம் என்றான்.

நகராட்சி ஒரு விழா எடுத்தது. கலாச்சார உறுப்பினர் மேடையில் உட்கார்ந்து, ஊரறிய அந்தப் பட்டனை அழுத்தத் தொடங்கினார். சபை மூச்சைப் பிடித்துக் காத்தது. பிறகு மூச்சை விட்டது. பிறகு வெளியே போய்க் காப்பி வாங்கி வந்தது. கொஞ்ச நேரத்தில் உறுப்பினரின் போன் அடித்தது. எடுக்கப் போனவர் முழங்கை, திரும்பிப் பார்க்கும் பட்டனைத் தட்டியது. திரை இருண்டது. அவர் எழுந்து, இந்த இருளில் நான் என்னையே கண்டேன் என்றார். கைதட்டினார்கள். கம்ப்யூட்டர் நகராட்சியுடையது. மறுநாள் அதைத் திருப்பித் தரப் போனபோது, கேம் திறக்கவில்லை என்று உறுப்பினரின் உதவியாளர் புகார் சொன்னார்.

ஒரு விஷயம் எனக்கும் ஸ்தெர்யோஸுக்கும் மட்டும் தெரியும். பாதைக்கு முடிவு கிடையாது. மேலே வாசல் இல்லை. வெளிச்சம் இல்லை. கடைசி வளைவைத் தாண்டினால் பழைய வளைவே மறுபடி வரும்படி என்னை எழுதச் சொல்லியிருந்தான். வாசலைப் பிறகு செய்து சேர்த்துவிடலாம் என்றான். யாரும் அவ்வளவு தூரம் வராததால் யாருக்கும் தெரியவில்லை. அவன் மட்டும் தினமும் அவ்வளவு தூரம் போனான். காலையில் வந்து, ஹெட்போனை மாட்டி, பட்டனில் கட்டைவிரலை வைத்தால் கடை மூடும் நேரத்துக்குத்தான் எடுப்பான். மேசைமேல் அவன் வாங்கிவைத்த ரொட்டி காய்ந்து கிடக்கும். சோதித்துப் பார்க்கிறேன் என்பான். பின்னால் வரும் காலடிக்காகத்தான் நடந்தான் என்பது நெத்திலி பொரிப்பவருக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

மூன்று வருடம் முடிந்ததும் கல்லறை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஸ்தெர்யோஸ் கேட்டுக்கொண்டான், சரி என்றான், வைத்தான். இரண்டாம் முறை அடித்தபோது எடுக்கவில்லை. அவர்கள் எவாந்தியா அம்மாளைக் கூப்பிட்டு, கையெழுத்து வராவிட்டால் தங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் மாடி ஏறி வந்தார். படி செங்குத்தானது. வந்ததும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். ஸ்தெர்யோஸ் ஹெட்போனைக் கழற்றினான். ஆனால் விரலை எடுக்கவில்லை. திரையில் யாழ்க்காரன் நடந்துகொண்டே இருந்தான். எவாந்தியா அம்மாள் நாற்காலியை இழுத்து, திரைக்கும் அவனுக்கும் குறுக்கே போட்டு உட்கார்ந்தார்.

“மாப்பிள்ள, நான் உன்னை அழச் சொல்லல. பூ வாங்கச் சொல்லல. ஒரு கையெழுத்து. அப்புறம் ஒரு அரைமணி நேரம் வந்து நிக்கணும். அவ்வளவுதான்.”

தன்னால் பார்க்க முடியாது என்றான். பார்த்தால் எல்லாம் போய்விடும் என்றான். அவள் தன் பின்னால்தான் இருக்கிறாள், இந்த மூன்று வருடமும் இருந்திருக்கிறாள், பார்க்காதவரைக்கும் இருப்பாள் என்று, இரண்டு விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்ட அந்த அழகான கிரேக்கத்தில் விளக்கினான். எவாந்தியா அம்மாள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“அவ பின்னாடி இல்லப்பா. கிழக்குச் சுவத்துக்கிட்ட இருக்கா. வர்ற வாரம் தோண்டுறாங்க. நீ வரலேன்னா என் புள்ளைய யாரோடயோ கலந்து கொட்டிடுவாங்க.”

அவன் விரல் பட்டனிலேயே இருந்தது. அவர் எழுந்தார். போகும்போது என்னிடம், அவன் சாப்பிடுகிறானா என்று கேட்டார். சாப்பிடுகிறான் என்று பொய் சொன்னேன்.

அந்த வாரமும் அவன் தினமும் வந்து பட்டனை அழுத்தினான். தோண்டுவதற்கு முந்தின நாள் மாலை நான் கேட்டே விட்டேன். “நாளைக்கு வர்றியா?” அவன் தோளைக் குலுக்கினான். எவாந்தியா அம்மாளும் நானும் ஒரு முடிவுக்கு வந்தோம். காலையில் அவன் வீட்டுக்கே போய், பேண்ட் மாட்டிவிட்டாவது இழுத்து வருவது.

காலையில் போய் மணி அடித்தோம். திறக்கவில்லை. எவாந்தியா அம்மாள் மடியில் பெட்டி இருந்தது. வால்நட் மரம், மேலே அசிமினாவின் பெயர், சிரிக்கும் போட்டோ. அதை ஒரு வெள்ளைத் துணியால் மூடி, ஒயின் புட்டியைப் பையில் வைத்துக்கொண்டு, படியில் உட்கார்ந்திருந்தார். மறுபடி அடித்தோம். பால்கனிக்குக் கீழே போய்க் கூப்பிட்டோம். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, அவர் விடியும் முன்னாடியே நல்ல கோட்டு போட்டுக்கொண்டு போய்விட்டாரே என்றாள்.

நான் காரை ஓட்டிய வேகத்தை எவாந்தியா அம்மாள் கண்டிக்கவில்லை.

கல்லறை அலுவலகத்தில், கையெழுத்தாகிவிட்டது என்றார் எழுத்தர். இடம் காட்ட ஆள் அனுப்பவா என்று கேட்டதற்கு உங்கள் மாப்பிள்ளை முறைத்தார் என்றும் சொன்னார். “என் மனைவி எங்கே இருக்காங்கன்னு எனக்குத் தெரியும்” என்று சொல்லியிருக்கிறான்.

அவனுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கிழக்குச் சுவர், வரிசையில் கடைசி. அடக்கத்தன்று அது சரி. ஆனால் ஊரில் சாவு நிற்கவில்லை. மறுநாளே அவளுக்கு அடுத்த குழிக்கு வேறொருவர் வந்துவிட்டார்; அதோடு வரிசை நிறைந்தது. அவருக்கும் மூன்று வருடம் முடிந்துவிட்டதால் அன்று காலை அந்த வரிசைக் கோடியில் இரண்டு குழிகளுக்கும் வேலை. தோண்டுவதற்கு முன்பு பளிங்குக் கல், சிலுவை, போட்டோ எல்லாவற்றையும் எடுத்துச் சுவரோரம் சாய்த்துவிடுவார்கள். பெயர் என்று எதுவும் மிச்சமில்லை. இரண்டு செவ்வகம், சிவப்பு மண்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அசிமினாவின் குழி தோண்டியாகிவிட்டது. கடைசிக் குழி இன்னும் தொடப்படவில்லை. வெட்டியான்கள் இருவரும் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு சிகரெட் பற்றவைத்திருந்தார்கள். ஸ்தெர்யோஸ் இரண்டு குழிகளுக்கும் நடுவே, கடைசிக் குழிக்குத் தன் முதுகைக் காட்டி, நல்ல கோட்டோடு மண்ணில் மண்டியிட்டிருந்தான். அவன் முன்னால் தகரத் தொட்டி. அதில் எலும்புகள். தண்ணீர் பாட்டிலில் கொண்டுவந்திருந்த கடை ஒயினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கைக்குட்டையால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

எங்களைப் பார்த்ததும் எழாமல், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

“நம்ம முறை இன்னும் வரல, அத்தை. அவ பின்னாடி இருக்கா. நான் திரும்பல.” தொட்டியைக் காட்டினான். “இவங்களுக்கு யாருமே வரல. இவங்களுக்கு யார் வந்திருக்கீங்கன்னு தோண்டினவர் ரெண்டு தரம் சத்தம் போட்டுக் கேட்டாரு. யாரும் வரலேன்னா கிணத்துலதான் போடுவாங்களாம். மனசு கேக்கல. ஒயினாவது ஊத்துவோமேன்னு...”

எவாந்தியா அம்மாள் தொட்டியைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். சுவரோரம் சாய்ந்திருந்த கல்லை ஒருமுறை பார்த்தார். சனிக்கிழமை தவறாமல் வந்தவருக்கு எதையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

“பொம்பளைதான் போல” என்றான் ஸ்தெர்யோஸ். “கை எவ்ளோ சின்னது பாருங்க. என்ன மனுஷங்க. ஒருத்தர்கூடவா இல்ல இவங்களுக்கு?”

அப்போது அழுதான். அடக்கத்தன்று அழாதவன், ஆஸ்பத்திரியில் அழாதவன், முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்கு யாரும் வரவில்லையே என்று, மூக்கை நல்ல கோட்டின் கையில் துடைத்துக்கொண்டு அழுதான்.

எவாந்தியா அம்மாள் பெட்டியைத் துணியோடு என் கையில் கொடுத்தார். அவன் பக்கத்தில் மண்டியிட்டார். அவன் கையிலிருந்த மண்டையோட்டை வாங்கி, தன் தலைத்துணியின் முனையால் நெற்றியைத் துடைத்து, முத்தமிட்டார். ஸ்தெர்யோஸுக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அத்தை எந்த அனாதைக்கும் அப்படிச் செய்யக்கூடியவர்தான்.

“நல்ல மஞ்சளா இருக்கு” என்றார் அவர். எங்கள் பக்கம் எலும்பு மஞ்சளாக வந்தால் நல்ல ஆத்மா என்பார்கள். “தேன்மெழுகு மாதிரி.”

இருவரும் சேர்ந்து மிச்சத்தைக் கழுவினார்கள். ஒயின் தீர்ந்ததும் அவன் காலி பாட்டிலைப் பார்த்துத் திகைத்தான். அசிமினாவுக்கென்று கொண்டுவந்ததை எல்லாம் ஊற்றிவிட்டேனே என்றான். என்னிடம் இருக்கிறது என்றார் எவாந்தியா அம்மாள். பிறகு சொன்னார்:

“நீ போய் வாசல்கிட்ட நில்லு மாப்பிள்ள. உன்னால முடிஞ்சத நீ செஞ்சிட்ட. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

“திரும்பிப் பாக்கலேன்னு அவ வருத்தப்பட மாட்டா இல்ல?”

“மாட்டா.”

அவன் எழுந்தான். கடைசிக் குழியின் பக்கம் முகம் படாமல் பக்கவாட்டில் நடந்து, சைப்ரஸ் மரங்களுக்கு அப்பால் போனான். போகும்போது இரண்டு முறை நின்று, அந்தத் தொட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

அவன் மறைந்த பிறகு நான் மெதுவாகக் கேட்டேன். சொல்லிவிடலாமா? கூப்பிட்டால் வந்துவிடுவான். எவாந்தியா அம்மாள் துணியை விரித்துப் பெட்டியில் போட்டு, எலும்புகளை அடுக்க ஆரம்பித்திருந்தார். கால் பக்கம் முதலில்.

“என்னத்தச் சொல்ல? அவன் கழுவிட்டான். அது போதும் எனக்கு.” அடுத்த எலும்பை எடுத்துக்கொண்டே, “சொன்னா அதையும் ஒரு விளையாட்டாப் பண்ணி, நாலு பேர அழவெச்சு, பரிசு வாங்கிடுவான்” என்றார்.

பாதிரியார் வந்து, அசிமினாவின் பெயரைச் சொல்லி ஓதிவிட்டுப் போனார். அது வாசல்வரை கேட்காது. அதற்கப்புறம்தான் எவாந்தியா அம்மாள் காலி குழியின் விளிம்பில் உட்கார்ந்து, மில்லில் வேலை பார்த்தவர்கள் அழுவதுபோல, சத்தமாக அழுதார். வெட்டியான்கள் சிகரெட்டை அணைத்துவிட்டு நின்றார்கள்.

பெட்டியை ஸ்தெர்யோஸ்தான் அறைக்குத் தூக்கிப் போனான். போட்டோ இருந்த பக்கத்தைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டான். பாதி வழியில் நின்று, கனமே இல்லை என்றான். எப்போதுமே அப்படித்தான், சாப்பிடவே மாட்டாள் என்றார் எவாந்தியா அம்மாள். கல்லறைக் காப்பிக்கடையில் வழக்கப்படி ஆளுக்கொரு பிராந்தியும் கசப்புக் காப்பியும் குடித்தோம். அவன் அங்கேயும் அந்த இன்னொரு பெண்ணைப் பற்றியே பேசினான். அவளைக் கிணற்றில் போட்டிருப்பார்களா, யாராவது வந்திருப்பார்களா. வந்தார்கள், நான் பார்த்தேன் என்றேன். அவன் நிம்மதியாகக் காப்பியைக் குடித்தான்.

அந்த மாதமே ‘ஏற்றத்’துக்கு வாசல் செய்தான். பாதையைப் பாதியாகக் குறைத்தான். மேலே போய்ச் சேர்ந்தால் வெளிச்சம் வரும். காலடி ஓசை நின்றுவிடும். அப்புறம் ஒன்றுமில்லை. பட்டனை விட்டுவிடலாம். ரசிகர்கள் கோபப்பட்டார்கள். கலைஞன் விலைபோய்விட்டான் என்று எழுதினார்கள். ஆனால் விருதுக்குழு நடுவர்களுக்கு அது பிடித்திருந்தது. ஸ்தெர்யோஸ் இப்போது சாப்பிடுகிறான். ஹெட்போனைச் சில நாட்கள் எடுப்பதே இல்லை. சனிக்கிழமைகளில் எவாந்தியா அம்மாளைக் காரில் கூட்டிப் போய் அறை வாசலில் விடுகிறான். உள்ளே வருவதில்லை.

இலையுதிர் காலத்தில் ஏதென்ஸில் பரிசு கொடுத்தார்கள். சரவிளக்குகள், வெல்வெட் நாற்காலிகள். மேடையில் ஸ்தெர்யோஸ் நீண்ட நேரம் மௌனமாக நின்றான். பிறகு சொன்னான்: “என் மனைவியின் எலும்புகளை எடுத்த காலையில், நான் அவளுக்கு முதுகு காட்டி நின்றேன். ஒரு கணமும் திரும்பவில்லை. யாழ்க்காரனால் முடியாததை நான் செய்தேன்.” சபை எழுந்து நின்றது. முன்வரிசையில் ஓர் அம்மாள் தேம்பினாள். எவாந்தியா அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்தபடியே, மடியிலிருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் தட்டியதால் நானும் தட்டினேன்.

அன்று காலை அவன் முதுகு காட்டி நின்றது, ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி ஒருவருக்கு.